கிணறு கவிழ்வது பற்றி

நண்பர் ஒருவரின் பத்துக் கவிதைகள் கையெழுத்துப் பிரதியாக எனக்கு வந்து இரண்டு மாதமாகிறது. அபிப்பிராயம் கேட்டிருக்கிறார். பத்தில் ஏழு என் பெரியம்மா பேசியவை. மார்கழியில் இரண்டு வாரம் பாளையங்கோட்டையில் என் வீட்டில் தங்கியிருந்தபோது அவர் குறித்துக்கொண்டவை. இதை அவர் மறைக்கவில்லை. தர்க்கத்தின் பிடியிலிருந்து முற்றாக விடுபட்ட ஒரு மனம் தமிழில் பேசுவதை முதல் தடவையாகக் கேட்டதாகவும், நாமெல்லாம் முயன்றும் எட்டாத இடத்தில் அந்தக் கிழவி சாவதானமாக உட்கார்ந்திருப்பதாகவும் முன்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

இதை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. இந்தப் பார்வைக்கு ஒரு வம்சாவளி உண்டு. ஆந்த்ரே பிரெத்தோன் 1916இல் ஸேன்-திஸியேயில் ராணுவ மனநோய் விடுதி ஒன்றில் மருத்துவ மாணவராக வேலை பார்த்தவர். போர்முனையிலிருந்து புத்தி பேதலித்துத் திரும்பியவர்களின் பேச்சை அவர் அங்கே கேட்டார். 1924இன் ஸர்ரியலிஸ அறிக்கைக்குப் பின்னால் அந்த விடுதியின் குரல்களும் இருக்கின்றன. ஆக, நோயாளியின் கட்டிலருகே நோட்டுப் புத்தகத்தோடு உட்காரும் கவிஞன் புதியவன் அல்ல. அவன் அங்கே என்ன கேட்கிறான், எதைக் கேட்கத் தவறுகிறான் என்பதுதான் விஷயம்.

நண்பர் மெச்சிக்கொள்ளும் கவிதை இப்படித் தொடங்குகிறது: ‘கவிழ்கிறது கிணறு / என் சிரசின் மேல்.’ பெரியம்மா சொன்னது: ‘கெணறு தலமேல கவுந்துட்டு.’ முதல் சேதம் இங்கேயே ஆகிவிட்டது. பெரியம்மாவுக்குத் தலை உண்டே தவிரச் சிரசு கிடையாது. ‘கவுந்துட்டு’ என்பதில் காரியம் முடிந்துபோய்விட்டது. நனைந்துவிட்ட ஒருத்தி பேசுகிறாள். ‘கவிழ்கிறது’ என்றதும் அது கண்முன் ஓயாமல் நடந்துகொண்டிருக்கும் ஒரு காட்சியாகிவிடுகிறது. வினைமுற்றை முன்னால் போட்டதில் ஓர் ஓசையும் சேர்ந்துவிட்டது. நமது புதுக்கவிதை வெகு சீக்கிரம் கற்றுக்கொண்ட சாமர்த்தியங்களில் இது ஒன்று. தர்க்கத்திலிருந்து விடுபட்ட மனம் என்று சொல்லிவிட்டு அதன் பேச்சை இலக்கியத் தமிழுக்கு மாற்றுவானேன் என்று நண்பரைக் கேட்க வேண்டும்.

ஆனால் என் ஆட்சேபம் நடை பற்றியது மட்டுமல்ல.

பெரியம்மாவுக்கு 86 வயது. ஆறு வருஷமாக மறதி நோய். என்னை வளர்த்தவள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வரை ‘ஏலே’ என்று கூப்பிட்டவள், ஒருநாள் காலையில் ‘நீங்க யாரு வீட்டுப் பிள்ள?’ என்று கேட்டாள். அன்றிலிருந்து ‘நீங்க’தான். தமிழில் ஒரு மனுஷி நம்மை மறந்துவிட்டாள் என்பதற்குப் பெயர் தப்பிப்போவதைக் காட்டிலும் திடமான அத்தாட்சி, நமக்கு மரியாதை வந்துவிடுவது.

வெள்ளிக்கிழமை அவளுக்குத் தலைக்குத் தண்ணீர் விடுவது என் வேலை. வீட்டில் பெண்கள் இல்லை. குளியலறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, பின்னால் நின்று செம்பால் மோந்து ஊற்றுவேன். அலறுவாள். கையை ஓங்குவாள். ஒருமுறை என் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். கிணற்று வாக்கியம் பிறந்தது அப்போதுதான். கதவுக்கு வெளியே நண்பர் குறித்துக்கொண்டிருந்தார். நான் சீயக்காய்க் கையோடு அவளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வாக்கியம் என் காதிலும் விழுந்திருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

பிரதியில் படித்த பிறகுதான் யோசித்தேன். பெரியம்மா பிறந்தது ஆறில்லாத கரிசல் பக்கத்து ஊர். கிணற்றடியில் குனிந்து நின்று, கூந்தலை முன்னால் தொங்கவிட்டு, தானே இறைத்து, தானே ஊற்றிக்கொண்டு குளித்தவள். தண்ணீர் அவளுக்குக் கீழேயிருந்து வருவது. கயிற்றின் கனம் கைக்குத் தெரியும். எப்போது மேலே விழும் என்பது அவள் வசத்தில் இருக்கும். இப்போது கண்ணுக்குத் தெரியாத ஒருவன், பின்னாலிருந்து, உச்சியிலிருந்து கொட்டுகிறான். கீழே இருக்க வேண்டிய தண்ணீர் மேலேயிருந்து வந்தால் கிணறு கவிழ்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம். இதில் தர்க்கம் எங்கே விடுபட்டது? நானும் நண்பரும் சேர்ந்து யோசித்தாலும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்க மாட்டோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை முக்காலி போட்டேன். முதலில் காலில் ஊற்றினேன், பிறகு கையில். தண்ணீரின் சூடு அவளுக்குத் தெரியட்டும் என்று. துண்டால் தோளைப் போர்த்தி முன்னால் குனியவைத்து, செம்பை அவள் கையிலேயே கொடுத்தேன். ஊற்றிக்கொண்டாள். அலறல் இல்லை. கிணறு அதற்குப் பிறகு கவிழவில்லை. அந்த வாக்கியமும் திரும்பி வரவில்லை.

விமர்சகன் என்ற முறையில் இங்கே ஓர் உரைகல் எனக்குக் கிடைத்ததாக நினைத்தேன். ஒருவன் செம்பை மாற்றிக் கொடுத்ததும் இல்லாமல் போய்விடுகிற வாக்கியம் கவிதை அல்ல, புகார். புகாருக்குத் தேவை பதில். அதைப் படிமமாக எடுத்து ரசிப்பது, பதில் சொல்லும் கடமையிலிருந்து நழுவுவது.

நமது விமர்சனமே ஒரு கூந்தலில் தொடங்குவதாகத்தான் ஐதீகம். பாண்டியன் சந்தேகப்பட்டான், இறையனார் பெயரில் உள்ள குறுந்தொகையின் இரண்டாம் பாட்டைத் தருமி சபைக்குக் கொண்டுபோனான், நக்கீரர் குற்றம் கண்டார். பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா, பூவாலும் எண்ணெயாலும் வருவதா என்று ஒரு சங்கமும் ஒரு கடவுளும் சண்டை போட்டுக்கொண்டார்கள். கூந்தல் அந்தச் சபையில் இல்லை. அதற்கு உரியவளை யாரும் கேட்கவும் இல்லை. பத்து நாள் நனையாத ஒரு கிழவியின் தலையில் விரல் விட்டுச் சிக்கெடுத்தவனாகச் சொல்கிறேன்: இயற்கையில் மணம் உண்டு. பழைய நல்லெண்ணெயும் வியர்வையும் தலையணைப் பஞ்சும் கலந்த வாடை அது. இரண்டு கட்சிக்காரர்களுக்கும் அது உதவாது.

முதுமையை நம் மரபு பாடாமலில்லை. புறநானூற்றில் 243ஆம் பாட்டின் கிழவர் தடியூன்றி இருமிக்கொண்டே, மரக்கிளையிலிருந்து மடுவில் குதித்த வாலிபத்தை நினைக்கிறார். ரகுவம்சத்தில் தசரதன் காதருகே வந்த நரை அவனுக்கு ராஜ்ய காரியம் சொல்கிறது. எல்லாக் கிழவர்களும் நினைக்கிறார்கள், புரிந்துகொள்கிறார்கள். நினைவே உதிர்ந்துபோன முதுமைக்கு நம்மிடம் ஒரு துறை இல்லை. நண்பர் அந்த வெற்றிடத்தை உணர்ந்திருக்கிறார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதைப் பெரியம்மாவை வைத்து நிரப்பியதுதான் தப்பு.

1901இல் ஃப்ராங்க்ஃபர்ட் விடுதிக்குக் கொண்டுவரப்பட்ட அவுகுஸ்டா என்ற பெண்ணின் பதில்களை அல்ஸைமர் வார்த்தைக்கு வார்த்தை எழுதிவைத்தார். கணவன் பெயரைக் கேட்டதற்கும் அவள் தன் பெயரையே சொன்னாள். 1906இல் அவள் இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்து அதே வருஷம் அறிவித்தார். அந்தக் கோப்பு காணாமல் போய் 1995இல்தான் மறுபடி அகப்பட்டது. அதுவும் நோட்டுப் புத்தகம்தான். ஆனால் டாக்டர் வரிகளை உடைக்கவில்லை. தன் கையெழுத்தையும் அடியில் போட்டுக்கொள்ளவில்லை.

என் கட்சிக்கு எதிரான சாட்சி ஆனி எர்னோ. தாயைப் பற்றி ஒழுங்கான ஒரு புத்தகம் எழுதி முடித்த பிறகு, பத்து வருஷம் கழித்து, 1997இல், தாயின் மறதிக் காலத்தில் தான் எழுதிய நாட்குறிப்பைத் திருத்தாமல் வெளியிட்டார். தலைப்பே அந்தத் தாய் கடைசியாக எழுதிய வாக்கியம். இது திருட்டா? இல்லை என்றுதான் படுகிறது. அந்தப் பக்கங்களில் எழுதுகிறவளும் அகப்பட்டுக்கொள்கிறாள். அவளுடைய அருவருப்பு, பயம், குற்ற உணர்வு எல்லாம் கூடவே வருகின்றன. நண்பரின் ஏழு கவிதைகளிலும் நண்பர் இல்லை. கதவுக்கு வெளியே ஓர் ஆள் நின்றதற்கான தடயமே இல்லை.

இவ்வளவும் எழுதியபின் நேர்மையாக ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் குறித்து வைத்திராவிட்டால் நான் செம்பை மாற்றியிருக்க மாட்டேன். தலைமாட்டில் நின்ற எனக்குக் கேட்காதது கதவுக்கு வெளியே நின்றவருக்குக் கேட்டிருக்கிறது. தப்பான பெயரிட்டுத்தான் கேட்டார், ஆனாலும் கேட்டார். என் உரைகல் அவருடைய நோட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்தது. என் கோபத்தில் பொறாமை கலந்திருப்பதும் எனக்குத் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தேன். குனிந்த தலை நிமிராமலே பெரியம்மா சொன்னாள்: ‘கண்ண மூடிக்கோலே, எரியும்.’ அவள் எனக்குத் தேய்த்துவிட்ட காலத்து வாக்கியம். யார் தலை, யார் கை என்பது அவளுக்கு மாறிப்போயிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேறென்ன செய்வது? அப்படியே தடவித் தடவி அலசி முடித்தேன். துவட்டியதும் பழையபடி ‘நீங்க’ வந்துவிட்டது. ஈரக் கூந்தலைத் தானே உதறி, நுனியில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். இந்நோயில் பெயர்கள் போன பிறகும் கைப்பழக்கம் வெகுகாலம் தங்குகிறது. முடிச்சு சரியாகவே இருந்தது.

அந்த வாக்கியத்தை இங்கே எழுதிவிட்டதால் நண்பர் மேல் சுமத்திய குற்றத்தில் எனக்கும் பங்கு வந்துவிட்டது. நான் எந்த நியாயமும் சொல்லிக்கொள்ளப் போவதில்லை.

பிரதியைத் திருப்பி அனுப்புகிறேன். ஆறு கவிதைகளை அடித்திருக்கிறேன். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அது எதைப் பற்றிய புகார் என்று எழுதியிருக்கிறேன்: மூத்திரம், பசி, பல்செட், பக்கத்து வீட்டு மோட்டார், வெந்நீரின் சூடு, கிணறு. நண்பருடைய சொந்தக் கவிதைகள் மூன்றில் ஒன்று நல்ல கவிதை. அதைப் பற்றித் தனியே எழுதுவேன். பெரியம்மாவின் ஏழாவது, ‘கதவில்லாத மழை’ என்பது. எத்தனையோ வெள்ளிக்கிழமை ஆயிற்று. அது எதைப் பற்றிய புகார் என்று இன்னும் பிடிபடவில்லை. அதனால் அதை மட்டும் அடிக்கவில்லை. அச்சுக்குக் கொடுக்காமல் வைத்திருக்கும்படி கேட்டிருக்கிறேன்.