அனுபானமும் கூட்டுமருந்தும்: எச்.ஐ.வி. சிகிச்சையில் சித்த மருத்துவம்

எச்.ஐ.வி.க்கான கூட்டுமருந்துச் சிகிச்சை எளியோர்க்கு எட்டாதிருந்த 1990களில், தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனையில் ரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் இலேகியம் ஆகிய சித்த மருந்துகள் வழங்கப்பட்டன. அன்று, இவற்றால் பயனுண்டா என்பதே வினா. 2004 ஏப்ரலில் அரசு கூட்டுமருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியபின், இரண்டையும் ஒருங்கே உட்கொள்வோர்க்கு நேர்வது யாது என்னும் வினா முதன்மை பெற்றது. முன்னைய சான்றுகள் இதற்கு விடையாகா. மேலைநாட்டு மூலிகையான செயின்ட் ஜான்ஸ் வோர்ட், இண்டினாவிர் மருந்தின் இரத்த அளவைப் பெரிதும் குறைத்ததை 2000இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ரசகந்தி மெழுகில் சேரும் பாதரசமும், கூட்டுமருந்தில் இடம்பெறும் டெனோபோவிரும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. உடன்கொள்ளும் பொருள் மருந்தின் செயலை மாற்றும் என்பது சித்த மருத்துவத்தின் அனுபானக் கோட்பாடே. எனவே நோயாளி உண்ணும் சித்த மருந்தைக் கேட்டறிந்து குறிப்பேட்டில் பதிவதும், கூட்டு விளைவை ஆராய்வதும் அம்மரபின் நீட்சியேயாகும்.