யவனர் மதுவும் ஔவையின் கள்ளும்

குடிக்காதவன் குடியைப் பற்றி எழுதலாமா என்று யாராவது கேட்டால், எழுதலாம் என்பதற்குத் தஞ்சை ஜில்லாவிலிருந்தே ஒரு பெரிய சாட்சியைக் கூப்பிடலாம். பாபநாசத்துக்குப் பக்கத்து உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவர், 1855-ல் பிறந்தவர், 1880 முதல் 1903 வரை கும்பகோணம் காலேஜில் தமிழ் சொல்லிக் கொடுத்தவர், உ. வே. சாமிநாதையர். பத்துப்பாட்டை 1889-லும் புறநானூற்றை 1894-லும் அவர் அச்சுக்குக் கொண்டுவந்தார். இரண்டிலும் பக்கத்துக்குப் பக்கம் கள் மணக்கிறது. தேறல், நறவு, பிழி, மட்டு, அரியல், தோப்பி என்று ஒன்றுக்கொன்று நிறமும் வேகமும் வேறான வார்த்தைகள். இத்தனையையும் கரையான் வாயிலிருந்து மீட்டு, பாட பேதம் பார்த்து, பொருள் எழுதி நமக்குக் கொடுத்தவர் விபூதி இட்ட ஆசாரமான மனிதர். காவேரி ஜலத்துக்கு மேல் அவருக்கு ஒரு பானம் கிடையாது. அந்த வார்த்தைகளில் ஒன்றையாவது நாகரிகம் கருதி அவர் விட்டுவிட்டிருந்தால் நாம் எதைக் கொண்டு இன்று பேசுவோம்?

இப்போது உலகத்து ஒயின்களைத் தரம் பிரித்து எழுதுவது ஒரு தனி இலக்கியமாகவே வளர்ந்துவிட்டது. பிரான்சின் போர்டோ, ஸ்பெயினின் ரியோஹா, அர்ஜென்டினாவின் மால்பெக், போர்ச்சுகலின் இளம்பச்சை ஒயின் என்று வரிசை போடுகிறார்கள். ஒன்றில் ஈர மண் வாசனை, இன்னொன்றில் பதனிட்ட தோலின் வாசனை, மூன்றாவதில் நாக்கின் ஓரத்தில் தங்கும் எலுமிச்சைப் புளிப்பு. கடைசியில், கைக்கு அடக்கமான விலையில் வாங்கிப் பார்க்கத் தக்கவை என்று நாலைந்து பெயர். நம் நாசிக் பக்கத்துத் திராட்சையில் பிழிந்த வெள்ளை ஒயினும் சில ஜாபிதாக்களில் ஏறியிருக்கிறது. இதைப் படிக்கும்போது எனக்குப் புத்தக மதிப்புரைகள்தான் ஞாபகம் வருகின்றன. அங்கேயும் இதே சங்கடம் உண்டு. ருசி பார்த்துப் புகழ்கிறாரா, ஊர்ப் பெயரைப் பார்த்துப் புகழ்கிறாரா என்பது சுலபத்தில் தெரிவதில்லை.

தமிழில் நமக்குக் கிடைத்திருக்கிற பழைய ஒயின் புகழ்ச்சி புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் இருக்கிறது. நக்கீரர் பாடியது. பாண்டியன் நன்மாறனைச் சிவன், பலராமன், திருமால், முருகன் என்ற நால்வருக்கும் ஒப்பாகச் சொல்லிவிட்டு, யவனர் கலத்தில் வந்த குளிர்ந்த மணமுள்ள மதுவை வளையணிந்த பெண்கள் பொற்கிண்ணத்தில் தினமும் ஊற்றிக் கொடுக்க, நீ குடித்து மகிழ்ந்து சூரிய சந்திரரைப் போல நெடுநாள் இரு என்று வாழ்த்துகிறார். கலம் என்பதற்குக் கப்பல் என்றும் பொருள் சொல்லலாம், குப்பி என்றும் சொல்லலாம். எப்படிச் சொன்னாலும் சரக்கு கடல் கடந்து வந்தது.

அந்தச் சரக்கு எப்படிப்பட்டது? பாட்டுக்கு வெளியே, மண்ணுக்குள் பதில் கிடைத்திருக்கிறது. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். 1989-லிருந்து சில வருஷங்கள் விமலா பெக்லியின் குழுவினர் தோண்டினார்கள். இரண்டு காது வைத்த நெட்டை மண் ஜாடிகளின் உடைசல்கள் வெளிவந்தன. அவற்றில் கணிசமான பகுதி கிரேக்கக் கடலில் உள்ள கோஸ் தீவின் ஜாடி, அல்லது அதைப் பார்த்து வேறு ஊர்களில் செய்த ஜாடி என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

கோஸ் தீவு ஒயினுக்கு ஒரு விசேஷம் உண்டு. அதில் கடல் தண்ணீரைக் கலப்பார்கள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியின் கேட்டோ என்பவர் விவசாயத்தைப் பற்றி எழுதிய நூலில், கோஸ் ஒயினை இத்தாலியிலேயே தயாரிப்பது எப்படி என்று செய்முறை கொடுத்திருக்கிறார். கரையிலிருந்து தள்ளி, அமைதியான நாளில் எடுத்த கடல் தண்ணீர் அதற்கு வேண்டும். அதாவது அந்தக் காலத்திலேயே போலிச் சரக்குக்குப் பாடம் எழுதியாகிவிட்டது. ரோமாபுரியில் அது சாதாரண ஒயின். பெரிய மனிதர் விருந்தில் பெயர் சொல்லிப் பரிமாறுகிற ஜாதியில்லை. ஜாடியின் உட்புறம் கசியாமலிருக்கத் தேவதாரு வகை மரங்களின் பிசினைப் பூசுவார்கள். உப்பும் பிசின் வாசனையுமாக நைல் நதியில் ஏறி, பாலைவனத்தில் ஒட்டகத்தின் மேல் குலுங்கி, செங்கடலில் கப்பலேறி, பருவக் காற்றில் அது இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. முதல் நூற்றாண்டு மாலுமி ஒருவன் எழுதிய செங்கடல் வழிக் குறிப்பு, முசிறிக்குப் போகிற சரக்குகளில் ஒயினும் உண்டு, ஆனால் அதிகமில்லை என்று சொல்கிறது. அதிகமில்லாததால்தான் அதற்குப் பொற்கிண்ணம் கிடைத்தது.

நக்கீரர் ஏமாந்தார் என்று நான் சிரிக்கவில்லை. நன்மாறன் குடித்தது கோஸ் ஒயின்தான் என்று சாதிக்கவும் இல்லை. பாட்டைப் பாட்டாகப் பார்த்தாலே ஒரு குறை தெரிகிறது. அந்த மதுவுக்கு அவர் கொடுத்த அடைமொழி குளிர்ச்சியும் மணமும். எந்தப் பானத்துக்கும் பொருந்தும். பாட்டில் எடுப்பாக நிற்பவை யவனரும் பொன்னும். குடிப்பவன் அரசன் ஒருவன். புலவர் சற்று ஒதுங்கி நின்று வாழ்த்துகிறார். அவர் உதடு நனைந்ததற்குப் பாட்டில் அடையாளம் இல்லை. சரக்கின் விலாசத்தைப் படித்துக் காட்டுகிற புகழ்ச்சி இது.

பக்கத்திலேயே வேறு மாதிரியான பாட்டு இருக்கிறது. சோழ நாட்டுக் கரிகாலனிடம் போன கதையைச் சொல்கிறது பொருநராற்றுப்படை. முடத்தாமக்கண்ணியார் எழுதியது. அங்கேயும் பொற்கிண்ணம்தான், பெண்கள்தான் ஊற்றுகிறார்கள். ஆனால் குடிப்பவன் பசியும் வழிநடைக் களைப்புமாக வந்த பொருநன். குடித்துக் களைப்புத் தீர்ந்ததைச் சொல்கிறான். இரவும் பகலும் இறைச்சியைத் தின்று, கொல்லையை உழுத கொழுவைப் போலப் பல் மழுங்கிவிட்டது என்கிறான். நிலத்தை உழுது தேய்ந்த இரும்பைப் பார்த்தவனுக்குத்தான் இந்த உவமை வரும். இந்த விருந்தை நம்ப முடிகிறது.

இன்னும் ஒரு படி மேலே போனவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். காவிரிப்பூம்பட்டினத்தைப் பட்டினப்பாலையில் பாடியவர் இவர். துறைமுகத்து மாடங்களில் இரவு நேரத்தில் ஒரு பானத்தை விட்டு வேறொரு பானத்துக்கு மாறுகிற பெண்களை அங்கே காட்டுகிறார். மட்டு வேறு, மது வேறு என்ற பேதம் தெரிந்த ஊர் அது. ஆனால் அவருடைய முழு கவனத்தையும் பெற்ற பானம் காஞ்சித் தொண்டைமான் மேல் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பில் இருக்கிறது. அது அரிசிக் கள்.

தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுள்ள தட்டில் ஆற்றி, முளை நெல்லின் அடையைப் பிசைந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, உறுதியான வாயுள்ள சாடியில் பச்சை வாசனை போக விளையவிட்டு, வெந்நீரில் அலசி, விரலால் பிழிந்து எடுக்கிறார்கள். அடையின் தோற்றத்துக்குப் பாம்பு வாழும் புற்றின் உள்ளேயிருக்கிற குரும்பியை உவமை சொல்கிறார். ஏழு வரிக்குள் முழுச் செய்முறை. வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து பார்த்தவர் எழுதியது என்று எடுத்தவுடனே தெரிகிறது.

ஜப்பானியரின் சாக்கேயும் அரிசியில் விளைவதுதான். அங்கே உயர்ந்த ரகமென்றால் அரிசியைத் தீட்டிக்கொண்டே போகிறார்கள். கின்ஜோ என்ற ரகத்துக்கு மணியில் நூற்றுக்கு 60 பாகத்துக்கு மேல் மிஞ்சக் கூடாது; அதற்கும் மேலான தாய்கின்ஜோவுக்கு 50 பாகம்தான். நம் வலைஞர் வீட்டில் அரிசியைத் தீட்டவே இல்லை. ஏழை வீட்டு அரிசியின் தவிடும் உமி வாசனையும் அந்தச் சாடிக்குள் போயிருக்கும். டெல்டாவில் இன்று அரிசி புளிப்பது நீராகாரத்திலும் இட்லி மாவிலும்தான். நல்ல புளிப்பையும் மிஞ்சின புளிப்பையும் முகர்ந்தே சொல்லிவிடுகிற பாட்டிகள் ஒயின் பரீட்சகர்களுக்குச் சளைத்தவர்கள் அல்ல. அவர்களுக்குப் பத்திரிகையில் இடம் கொடுப்பார் இல்லை, அவ்வளவுதான்.

செய்முறை தெரிந்துவிட்டால் ருசியும் தெரிந்துவிடும். ஆனால் குடி எதற்காக என்பது தெரிய, காவேரிக் கரையை விட்டுத் தகடூருக்குப் போக வேண்டும். இன்றைய தர்மபுரி. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடியது புறநானூற்றில் 235-ஆம் பாட்டு. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்குக் கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் எங்களோடு சேர்ந்து குடிப்பான். போய்விட்டது. இவ்வளவுதான் தொடக்கம்.

இந்தக் கள் எந்த மரத்தில் இறக்கியது, எத்தனை நாள் புளித்தது, என்ன மணம் என்று ஒரு வார்த்தை இல்லை. கலத்தின் பெயரும் இல்லை. இருப்பது அளவு ஒன்றுதான்: கொஞ்சம், நிறைய. கொஞ்சமாக இருக்கும்போது அரசன் தன் பங்கை விட்டுவிடுகிறான். நக்கீரர் பாட்டில் ‘நீ’ குடிக்கிறாய். ஔவையார் பாட்டில் ‘நாங்கள்’ குடித்தோம். ஒரு தன்மைப் பன்மை இரண்டு பாட்டையும் எவ்வளவு தூரம் பிரித்துவிடுகிறது! கள்ளிலிருந்து சோற்றுக்கும், சோற்றிலிருந்து போர்க்களத்துக்கும் பாட்டு போகிறது. அவன் மார்பில் தைத்த வேல் பாணர்களின் உண்கலத்தையும் துளைத்துக்கொண்டு போயிற்று என்கிறாள். அந்தக் கலத்துக்குப் பொன் தேவைப்படவில்லை.

இன்னொரு பாட்டில், 232-ல், நடுகல்லாகிவிட்ட அவனுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள்ளை உகுக்கிறார்கள். மலையோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக் கொள்வானா என்று கேட்கிறாள். கொடுத்துப் பழகிய கை இப்போது வாங்க வேண்டியிருக்கிறது. துக்கத்தை இதைவிடக் குறைந்த செலவில் யாரும் சொன்னதில்லை.

பிறகு காலம் மாறியது. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்குப் பத்துக் குறள் ஒதுக்கினார். மணிமேகலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவிலே ஒரு களிமகன் சமணத் துறவியை வழிமறித்து, தென்னையின் தேறலில் எந்த உயிரைக் கொன்றார்கள், நீரும் குடித்துப் பாரும் என்று வாதாடுகிறான். சாத்தனார் பௌத்தர், கள்ளை வெறுப்பவர். ஆனாலும் குடிகாரன் வாயில் ஒரு நல்ல வாதத்தை வைத்தார். அங்கேதான் அவர் கலைஞர்.

நம் காலத்து உரைநடைக்கு அந்தத் தாராளம் வாய்க்கவில்லை. ராஜாஜி மதுவிலக்குக்காக ‘விமோசனம்’ என்ற பத்திரிகையை நடத்தினார். மாயவரத்துப் பக்கத்து புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி அதில் அவருக்குத் துணையாக இருந்தார். நோக்கம் உயர்ந்தது. கூலி வாங்கின கையோடு கடைக்குப் போகிறவனின் மனைவிக்கு அதை எழுதியவர்கள் நியாயம் செய்தார்கள். அந்த நியாயம் இன்னும் தீராமல் நிற்கிறது. ஆனால் அதற்குப் பிறகு வந்த நம் கதைகள் பெரும்பாலும் கள்ளுக்கடை வாசலோடு நின்றுவிட்டன. குடிப்பவன் எப்போதும் வண்டிக்காரன், பண்ணையாள். தள்ளாடுகிறான், அடிக்கிறான், கடைசிப் பக்கத்தில் திருந்துகிறான் அல்லது சாகிறான். நடவு வயலில் நாளெல்லாம் முதுகு வளைந்தவனுக்கு அந்த மொந்தை என்ன சொன்னது என்று கேட்க நாம் உள்ளே போகவில்லை. பொருநனின் மழுங்கிய பல்லைப் போல ஓர் உவமை நமக்குக் கிடைக்காமல் போனதற்கு இதுவே காரணம் என்று தோன்றுகிறது.

சட்டத்தின் கதை இன்னும் வேடிக்கை. 1937-ல் சேலத்தில் மதுவிலக்கு வந்தது; 1948-ல் மாகாணம் முழுவதும். 1971-ல் தளர்ந்தது, பிறகு மூடியது, மறுபடி திறந்தது. 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசாங்கக் கடைகளின் கையில். அங்கே விற்கிற புட்டிகளுக்குச் சர்க்கார் மொழியில் பெயர், இந்தியாவில் தயாரான அயல்நாட்டு மது. உள்ளூர்ப் பனையும் தென்னையும் வெளியே நிற்க, ஊரிலேயே காய்ச்சினதற்கு அயல்நாட்டுப் பட்டம்! இத்தாலியில் கோஸ் ஒயின் செய்யப் பாடம் எழுதிய கேட்டோ இதைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

நல்ல ஒயினை நல்ல ஒயின் என்று சொல்லுகிற நாக்கை நான் குறைத்துப் பேசவில்லை. போர்டோவில் ஒரு திராட்சைத் தோட்டத்து மண்ணையும் மழையையும் பிரித்து அறிகிறவன், காவேரியில் புது வெள்ளத்தின் ருசியையும் தை மாதத் தண்ணீரின் ருசியையும் பிரித்து அறிகிறவனுக்குச் சகோதரன்தான். ஊர்ப் பெயரும் தூரமும் நாக்கின் வேலையைச் செய்யத் தொடங்கும்போதுதான் கோளாறு. புத்தகத்திலும் அப்படியே. பாரிஸிலிருந்து வந்ததற்குப் பொற்கிண்ணமும், பக்கத்துத் தெருவில் எழுதியதற்கு ஓட்டைப் போகணியும் எடுத்து வைக்கிற வாசகன் இரண்டையும் ருசி பார்ப்பதில்லை.

நக்கீரரை யவனர் மதுவோடு விட்டுவிடுவது நியாயமல்ல. புறநானூற்றின் 189-ஆம் பாட்டும் அவர் பெயரில்தான் இருக்கிறது. உலகம் முழுவதையும் ஆளுகிறவனும் சரி, இரவும் பகலும் தூங்காமல் விலங்கு தேடித் திரிகிற வேட்டுவனும் சரி, சாப்பிடுவது ஒரு நாழிதான், உடுத்துவது இரண்டு துணிதான். செல்வத்தின் பயன் கொடுப்பது என்கிறார் அங்கே. பொற்கிண்ணம் தூக்கிய புலவரே நாழியையும் அளந்து காட்டியிருக்கிறார். மலிவான விலையில் நல்ல சரக்கு எது என்று விசாரிக்கிறவர்கள் அந்தப் பாட்டை வாங்கிப் படிக்கலாம். அதற்குப் பிறகு ஔவையாரின் பாட்டைத் திருப்பினால், கொஞ்சமாக இருந்த கள்ளை அதியமான் ஏன் தான் குடிக்கவில்லை என்பது விளங்கும்.