மனம் படைத்த உலகும் ஆற்றில் எடுத்த கல்லும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரச் சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் நெடுங்காலம் அருகருகே வழங்கியவை. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு வட்டம் தமிழகத்தோடு இணைய, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அவ்வெல்லைக் கோடு ஆய்விலும் விழுந்தது எனலாம். தமிழில் தேவாரப் பதிகங்கள் பாடிய, ஒழிவில் ஒடுக்கத்தை மலையாளத்தில் தந்த ஸ்ரீநாராயண குரு தமிழாய்வில் பெரும்பாலும் சமூகச் சீர்திருத்தக்காரராக மட்டுமே இடம்பெறுகிறார். அவருடைய தத்துவம் தனியே நிற்கிறது. இப்பிரிவினை பொருத்தமற்றது.

நெய்யாற்றின்கரையை அடுத்த அருவிப்புரத்தில் 1888ஆம் ஆண்டுச் சிவராத்திரியன்று, ஆற்றின் சங்கரன்குழியிலிருந்து எடுத்த கல்லைக் குரு சிவலிங்கமாக நிறுவினார். பிரதிட்டை செய்யும் உரிமை பிராமணர்க்கே உரியதெனக் கருதப்பட்ட காலம் அது. 1916இல் அவர் வடமொழியில் இயற்றிய தரிசனமாலையின் மூன்றாம் பகுதியாகிய அசத்திய தரிசனம், உலகம் அனைத்தும் மனத்தின் ஆக்கமே என்கிறது. வானின் நீலம், கயிற்றில் தோன்றும் பாம்பு, அஞ்சுபவனுக்குப் பேயாகும் இருள் ஆகியன அங்கு வரும் உவமைகள்.

உலகம் மனத்தின் ஆக்கம் எனக் கொண்டவர் ஆற்றிலிறங்கிக் கல்லெடுப்பானேன் என்ற வினா இங்கு எழுகிறது. பேய் இல்லை என்று சொல்வதால் மட்டும் அஞ்சுபவனின் நடுக்கம் தீர்வதில்லை, விளக்கு வேண்டும். சாதியும் அத்தகையதே. அது மனத்தில் தோன்றியதாயினும் கோயிற்கதவாகவும் வழிமறிப்பாகவும் உருக்கொண்டு நின்றது. ஒருவர் தம்முள் அதனைப் பொய்யெனத் தெளிந்தாலும் ஊரின் கதவு திறவாது. பலர் மனத்தில் ஒருங்கே நிலைத்த தோற்றத்தைப் பலர் காணச் செய்த செயலொன்றே அசைக்க இயலும். அருவிப்புரத்துக் கல் அவ்விளக்கு.

1916இல் எழுந்த நூலைக் கொண்டு 1888இன் செயலுக்குப் பொருள் காண்பது காலமுரண் என்று மறுக்கலாம். ஆயினும் நூலுக்குப் பின்னரும் குரு பிரதிட்டையைக் கைவிடவில்லை. 1927இல் களவங்கோட்டில் அவர் நிறுவியது ஒரு கண்ணாடி. தத்துவமும் செயலும் அவரிடம் முரணாக நிற்கவில்லை என்பதற்கு இது போதிய சான்று.

மனத்தால் எண்ணியது எல்லாம் கைகூடும் என இன்று விற்பனையாகும் நூல்களோடு குருவை இணைப்போர் அசத்திய தரிசனத்தின் தொடக்கத்தையே தவறவிடுகின்றனர். உலகம் மனத்தின் ஆக்கம் என்ற அதே மூச்சில் அம்மனமும் எங்கும் இல்லை என்கிறது அது. விரும்பியதைப் படைத்துக்கொள்ளும் ஆண்டானாக மனத்தைக் கொள்ள அங்கு இடமில்லை. தமிழ்ப் பதிகங்களை மட்டும் கண்டு அவரைச் சைவ சித்தாந்தி என வரையறுப்பதும் அவசரமே. சித்தாந்தத்தில் உலகம் உள்பொருள். மனம் மாயையின் காரியம். இம்முரணைப் பதிகங்களோடு வைத்து ஆராயும் பணி தமிழறிஞர்க்கே உரியது. இரு மொழியும் சைவ நூல்களும் கைவரப்பெற்றோரே அதனைச் செய்ய இயலும்.

1928இல் குரு மறைந்தார். திருவிதாங்கூரின் ஆலயப் பிரவேச விளம்பரம் 1936 நவம்பர் 12இல் வெளிவந்தது. அருவிப்புரத்திலிருந்து 48 ஆண்டுகள் கழித்து.