அரைப்புள்ளிக்குக் காத்திருக்கும் திரை

போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தோடு வரும் பிஎஸ்க்யூஎல் கருவியில் மெனு கிடையாது, பொத்தான் கிடையாது. ஒரு வரி, அதன் முனையில் துடிக்கும் கர்சர், அவ்வளவுதான். ஆனால் அந்த வரியின் தொடக்கத்தில் நிற்கும் குறிகளைக் கவனித்தால், அது ஓயாமல் பேசுவது புரியும்.

தரவுத்தளத்தின் பெயரை அடுத்து => இருந்தால் உள்ளே வந்திருப்பவர் சாதாரணப் பயனர். =# என்றால் சர்வ அதிகாரம் படைத்தவர்; கை கொஞ்சம் நிதானமாகவே நகர வேண்டும். அரைப்புள்ளி வைக்காமல் என்டர் தட்டினால் கோபித்துக்கொள்ளாது. அடுத்த வரியில் = இருந்த இடத்தில் - வந்து நிற்கும்: கட்டளை இன்னும் முடியவில்லை. மேற்கோளை மூட மறந்தால் அங்கே ' தெரியும், அடைப்பை மூட மறந்தால் ( தெரியும். எங்கே கோட்டை விட்டோம் என்பதை இவ்வளவு சிக்கனமாகச் சொல்லும் மென்பொருள் அபூர்வம்.

பிகின் கொடுத்துப் பரிவர்த்தனை தொடங்கினால் ஒரு * சேரும். நடுவே பிழை நேர்ந்தால் அது ! ஆகிவிடும், ரோல்பேக் அடித்ததும் மறையும்.

பத்தி அதிகமான அட்டவணை திரையில் மடிந்து கொத்து பரோட்டாவாகக் கிடக்கிறதா? \ போட்டு எக்ஸ் தட்டினால் போதும். ஒவ்வொரு பதிவும் மேலிருந்து கீழாக, பெயரும் மதிப்புமாக வரிசை கட்டும்.

மைஎஸ்க்யூஎல்லின் கருவிக்குக் குறும்பு அதிகம். 'ஐ ஆம் எ டம்மி' என்றே அதில் ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டு நுழைந்தவர் வேர் நிபந்தனையோ லிமிட்டோ இல்லாமல் டெலீட் கொடுத்தால், கருவி மறுத்துவிடும். பெயர் உறுத்தினால், 'சேஃப் அப்டேட்ஸ்' என்ற கௌரவமான பெயரிலும் அதையே அழைக்கலாம்.