பை என்னும் சொல்

"ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இனி அந்தப் பை எதுக்கு?" 43 வயதில், உதிரப்போக்கால் ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கியிருந்த என்னிடம் மருத்துவர் கேட்டார். கர்ப்பப்பை என்ற பெயரிலேயே அந்தக் கேள்வி இருக்கிறது: கர்ப்பம் முடிந்தால் பை வீண். மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலர் இளவயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டது 2019-இல் பெரிய செய்தியானது. வேலைக்குப் போகாத நாளுக்கு அவர்களுக்கு அபராதம். அங்கே அது கூலியைக் கெடுக்கும் பை. இரண்டு கணக்கிலும் பெண்ணின் உடம்பு இல்லை.

மாத்திரை, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம், உட்சுவரை மட்டும் கருக்கும் சிகிச்சை என வேறு வழிகள் இருப்பதை நான் கேட்ட பிறகே சொன்னார்கள். அறுவை சிகிச்சைக்கு நான் எதிரி அல்ல. முதலில் சாதனம், உதிரப்போக்கு அடங்காவிட்டால் எடுத்துவிடுவேன். அதற்குக் காரணம் என் உதிரப்போக்காக இருக்கட்டும், நான் பெற்று முடித்த பிள்ளைகள் அல்ல.