பின் இருக்கையிலிருந்து தொடங்குங்கள்

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் ஒரு குடும்பம் டொயோட்டா பிரிமியோவை விற்றுவிட்டு ஒரு படி மேலே ஏறுவதென்று தீர்மானித்தால், பேச்சு பெரும்பாலும் இரண்டு கார்களில் வந்து நிற்கும். ஒன்று பென்ஸ் ஈ கிளாஸ், மற்றது பிஎம்டபிள்யூ ஐந்தாம் வரிசை. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் நாட்டுக்குள் இருந்த கார்களே கை மாறிக்கொண்டிருந்தன. புதுக்காரின் விலையை வரிகள் தூக்கி வைத்திருப்பதால் இன்றும் பலருடைய கண் பழையவற்றின் மேல்தான். 2009 முதல் 2016 வரை வந்த டபிள்யூ212 ஈ கிளாஸும், 2010 முதல் 2016 வரை வந்த எஃப்10 ஐந்தாம் வரிசையும் அவை. அவற்றுள்ளும் ஈ250, 520டி என்ற இரண்டு டீசல்கள்.

ஒப்பிட வருகிறவர்கள் முதலில் கேட்பது குதிரைவலு. ஈ250இல் 204, ஆரம்பகால எஃப்10 520டியில் 184. மணிக்கு 100 கிலோமீற்றருக்கு மேல் போக அனுமதியில்லாத நாட்டில் இந்த இருபது உங்களுக்கு எதையும் சொல்லாது. சொகுசுக் காரை அறிய வேண்டிய முதல் இடம் அதன் பின் இருக்கை. காரின் சொந்தக்காரரையே ஓட்டச் சொல்லுங்கள். வீட்டில் அம்மாவோ மாமியோ இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போய் உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். ரேடியோவை அணைத்து ஏசியைக் குறைத்துவிடுங்கள். பிறகு ஜம்பட்டா வீதியில் ஒரு சுற்று.

குழாய்க்காகத் தோண்டி மூடிய தார்ப்பட்டைகள், மூடி எழும்பி நிற்கும் வடிகால்கள், திடீரென்று குறுக்கே திரும்பும் ஓட்டோக்கள் எல்லாம் அங்கே உண்டு. காரின் கீழ்ப்பக்கம் எப்படி வேலை செய்கிறதென்று பார்க்க இதைவிட நல்ல வீதி கிடைக்காது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது சத்தத்தையும் அசைவையும் தனித்தனியாகக் கவனியுங்கள். நல்ல நிலையிலுள்ள ஈ கிளாஸ் ஒருமுறை அமர்ந்து ஒருமுறை எழும், அதோடு சரி. இரண்டாம் தடவையும் ஆடினால் அதிர்வுதாங்கி தேய்ந்துவிட்டது. இந்தக் காரின் அதிர்வுதாங்கிகளில் ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. சின்ன அதிர்வுக்கு உள்ளேயிருக்கும் எண்ணெய் சுலபமாக வழிவிடும். பெரிய அடி விழும்போது வழி குறுகி இறுகிக்கொள்ளும். இலத்திரனியல் எதுவுமில்லாமல் எண்ணெயும் வால்வுமே பார்த்துக்கொள்கிற வேலை அது. முதுகுக்கு அது தெரியும். அம்மாவின் முகத்திலும் தெரியும்.

அதே வீதியில், அதே நாளில், எஃப்10இல் பின்னால் உட்காருங்கள். கார் நேர்த்தியாகத்தான் போகும். ஆனால் ஒவ்வொரு மூடியின் விளிம்பையும் சொல்லிக்கொண்டே போகும். உடனே காரைக் குறை சொல்லிவிடாமல் இறங்கி டயரைப் பாருங்கள். இந்த வரிசைக் கார்கள் பலவும் காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ரன்பிளாட் டயரோடு வந்தவை. காரின் பாரத்தைத் தாங்குவதற்காக அவற்றின் பக்கச்சுவர் கடினமாக இருக்கும், அந்தக் கடினத்தைத்தான் நீங்கள் முதுகில் உணர்கிறீர்கள். சாதாரண டயருக்கு மாற்றிய எஃப்10ஐ ஓட்டிப் பார்த்தால் வேறு கார் போலிருக்கும். மாற்றியவரிடம் உபரிச் சக்கரம் எங்கே என்று கேளுங்கள். இந்தக் கார்கள் அது இல்லாமலேதான் பெரும்பாலும் வந்தன. டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர். ஒரு காரில் புது டயரும் மற்றதில் காய்ந்துபோன டயரும் இருந்தால் நீங்கள் ஒப்பிடுவது டயர்களைத்தான். காற்றழுத்தமும் அப்படியே. பென்ஸில் காற்றழுத்த அட்டவணை எரிபொருள் மூடியின் உட்புறத்திலும், பிஎம்டபிள்யூவில் சாரதிக் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலும் ஒட்டியிருக்கும். இரண்டு காரையும் அதன்படி நிரப்பிவிட்டுப் புறப்படுங்கள்.

அச்சுக்கு அச்சுத் தூரம் பிஎம்டபிள்யூவில் 2968 மில்லிமீற்றர், பென்ஸில் 2874. அளவை மட்டும் படித்தவர் பிஎம்டபிள்யூவின் பின்னால்தான் கால் நீட்ட அதிக இடம் என்று நினைப்பார். உட்கார்ந்து பாருங்கள், அந்த ஒன்பது சென்ரிமீற்றர் முழங்காலுக்கு வந்து சேர்ந்திருக்காது.

இப்போது முன்னால் வாருங்கள். பென்ஸில் இருக்கையை நகர்த்தும் பொத்தான்கள் கதவில், இருக்கையின் வடிவத்திலேயே இருக்கும். முதுகை நிமிர்த்த வேண்டுமா, முதுகு போலிருக்கும் பொத்தானை நிமிர்த்தினால் போதும். எந்தப் புத்தகமும் படிக்காமல் எழுபது வயதுக்காரரின் விரலுக்கும் புரிகிற இந்த ஏற்பாட்டை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். பிஎம்டபிள்யூவில் நடு முகப்பு முழுவதும் சாரதியின் பக்கம் சற்றே திரும்பியிருக்கும். பக்கத்தில் இருப்பவருக்கு அது லேசாக முதுகைக் காட்டும். யாருக்காக இந்தக் கார் என்பதை அந்தச் சாய்வே சொல்லிவிடுகிறது.

ஜப்பான் காரிலிருந்து வருபவருக்கு ஒரு எச்சரிக்கை. இரண்டிலும் சிக்னல் தண்டு இடப்பக்கம். 2013க்குப் பிந்தைய ஈ கிளாஸில் வலப்பக்கத் தண்டு கியர். பழக்கத்தில் சிக்னல் போடப் போய் ஆமர் வீதிச் சந்தியில் கியரைத் தட்டிவிடாதீர்கள். முதல் ஓட்டம் ஞாயிறு விடியலில் இருக்கட்டும்.

ஓட்டிப் பார்க்க நல்ல பாதை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இங்குருக்கடைச் சந்திக்குப் போய், 2021இல் திறந்த புதிய களனிப் பாலத்தில் ஏறி, பேலியகொடையில் கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். 2013இல் திறந்த 25.8 கிலோமீற்றர் நீளச் சாலை. நூறில் வைத்துக்கொண்டு, பின்னால் இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேசுங்கள். எந்தக் காரில் குரலை உயர்த்த வேண்டியிருந்தது? ஸ்டியரிங்கை ஒரு விரல் அகலம் மட்டும் திருப்பிப் பாருங்கள். எஃப்10இன் மூக்கு உடனே கேட்கும். முன் சக்கரங்களை மேலும் கீழுமாக இரண்டு கைகள் பிடிக்கும் அமைப்பு ஐந்தாம் வரிசையில் முதலில் வந்தது இந்தத் தலைமுறையில்தான். எட்டுக் கியர் பெட்டியும் எப்போது மாற்றியதென்று தெரியாமல் மாற்றும். ஈ கிளாஸ் நிதானமாகத் திரும்பும். நேர்கோட்டில் போவதுதான் அதற்கு இன்பம். வெளியேறும் வளைவில் எஃப்10 உங்கள் கையில் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகவே அதை வாங்குபவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பக்கம் நியாயம் உண்டு.

அழகை நிறுத்திவைத்துத்தான் பார்க்க வேண்டும். எஃப்10இன் பக்கக் கண்ணாடி பின்னால் முடியும் இடத்தில் கம்பி முன்னோக்கி மடியும். 1961 முதல் பிஎம்டபிள்யூ கார்களில் வரும் மடிப்பு அது. 2013க்கு முந்தைய ஈ கிளாஸில் பின் சக்கரத்தின் மேல் ஒரு புடைப்பு இருக்கும்; 1950களின் பொன்டன் பென்ஸை நினைவுகூரச் செய்தது. முகமாற்றத்தில் அதை எடுத்துவிட்டு, பிரிந்திருந்த நாலு விளக்குகளையும் இரண்டாக்கினார்கள். புடைப்பு போனதில் எனக்கு வருத்தம்தான்.

ரசனை இதுவரை. பணம் கொடுக்குமுன் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய் நில்லுங்கள். முன்கூட்டி ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஆரம்பகால 520டியின் எஞ்சினில் நேரச்சங்கிலி பின்பக்கம், கியர்பெட்டியை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து உரசும் சத்தம் வந்தால் அந்தக் கார் வேண்டாம், சங்கிலியை மாற்றுவது பெரிய செலவு. 2014 நடுவிலிருந்து வந்த 190 குதிரைவலு எஞ்சின் வேறு. 2018இல் பிஎம்டபிள்யூ டீசல்களின் புகைக் குளிரூட்டிக்காக உலகின் பல நாடுகளில் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அந்த வேலை நடந்ததா என்று தாளைக் கேளுங்கள். இங்கிலாந்திலிருந்து வந்த காரானால் மீற்றரில் இருப்பது மைல். 60,000 என்பது 96,000 கிலோமீற்றரைத் தாண்டும். அந்த நாட்டில் குளிர்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுவார்கள், ஆகவே காரைத் தூக்கி அடியில் துருவையும் பாருங்கள். சின்னச் சின்னப் பழைய பாகங்களின் விலையைப் பஞ்சிகாவத்தையில் ஒரு நடை விசாரித்தால் வருடச் செலவு எப்படியிருக்கும் என்று பிடிபடும்.

பின்னால் பெரியவர்கள் உட்காரும் வீட்டுக்கு என் தெரிவு 2013க்குப் பிந்தைய ஈ250. தானே ஓட்டுபவர், வாரம் ஒருமுறையாவது நீர்கொழும்போ காலியோ போகிறவர், 2014 நடுவுக்குப் பிந்தைய 520டியைச் சாதாரண டயரோடு எடுக்கட்டும். கொட்டாஞ்சேனைக்கும் செட்டியார் தெருவுக்கும் இடையிலேயே கார் ஓடுமென்றால் இரண்டு டீசலும் வேண்டாம். புகைவடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தமாக்க நீண்ட ஓட்டம் வேண்டும். ஊர் நெரிசலில் அது அடைத்துக்கொள்ளும். அவர்கள் ஈ200 பெற்றோலைத் தேடுவது நல்லது.