பலகை போர்த்தாத கப்பல்

கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்துச் சேகரிப்பின் பழைய போர்க்கப்பல் மாதிரிகளுக்கு முன் நிற்பவரின் கண் முதலில் மேலேதான் போகும். பின்புறச் சாளரங்களைச் சுற்றிப் பொன்முலாம் பூசிய சிற்பங்கள், வரிசையாகப் பீரங்கி வாய்கள், முகப்பில் பாயும் சிங்கம். அவற்றை நிதானமாகப் பார்த்துவிட்டுக் குனிய வேண்டும். தண்ணீருக்கு அடியில் இருக்கவேண்டிய பகுதியில் பலகையே அடிக்கப்பட்டிருக்காது. அடியில் நீளும் ஏராக்கட்டையும், அதிலிருந்து இருபுறமும் வளைந்தெழும் வங்குகளும் அப்படியே தெரியும். இந்தக் கலையின் உச்சம் அங்கேதான் இருக்கிறது.

இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் செழித்த இவற்றைக் கடற்படை வாரிய மாதிரிகள் என்பார்கள். பெரும்பாலானவை ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்ற கணக்கில், அதாவது நிஜக் கப்பலின் 48இல் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்டவை. இவை வெறும் அலங்காரப் பொருள்களாக மட்டும் இருக்கவில்லை. கடற்படை வாரியத்தில் பொறுப்பேற்றபோது சாமுவேல் பீப்ஸுக்குக் கப்பலைப் பற்றி அதிகம் தெரியாது. 1662 கோடையில் கூப்பர் என்ற மாலுமியை அமர்த்திக்கொண்டு பெருக்கல் வாய்ப்பாட்டைக் கற்றார். ஒரு மாதிரியை முன்னால் வைத்துக் கப்பலின் உறுப்புகளையும் அவரிடமே கற்றார். நாட்குறிப்பால் உலகப் புகழ்பெற்ற அந்த நிர்வாகி, பின்னாளில் இத்தகைய மாதிரிகளைத் தேடிச் சேர்ப்பவராகவே ஆனார்.

நிஜக் கப்பல் ஓக் மரத்தில் கட்டப்பட்டது. மாதிரிக்கு ஓக் உதவாது. மரத்தின் ரேகையைக் கப்பலோடு சேர்த்து 48 மடங்கு சுருக்க முடியாதே! ஓக்கின் தடித்த ரேகையும் துவாரங்களும் சிறு உருவில் பூதாகரமாகத் தெரிந்து, அளவின் மாயத்தைக் கலைத்துவிடும். அதனால் பேரி மரமும் பாக்ஸ் மரமும் வந்தன. இரண்டுமே நெருங்கிய இழையுள்ளவை. கத்தி முனைக்குப் பிசிறில்லாமல் கட்டுப்படுபவை. விரல் நகத்தளவு முகத்தில் மூக்கும் உதடும் செதுக்க பாக்ஸை மிஞ்சிய மரம் இல்லை.

அந்த வங்குகளின் அடுக்கு உண்மையல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நிஜப் போர்க்கப்பலில் வங்குகள் ஏறக்குறைய சுவர்போல நெருங்கி நின்றன. பீரங்கிக் குண்டைத் தாங்கவேண்டிய உடல் அது. மாதிரி செய்தவர்களோ வங்குத் துண்டுகளை ஒன்றுவிட்டு ஒன்று இணைத்து, நடுவே ஒழுங்கான இடைவெளிகளை விட்டார்கள். அந்த இடைவெளிகளால்தான் உடலின் வளைவு முழுவதும், அணியத்திலிருந்து சுக்கான் வரை, ஒரே பார்வையில் விளங்குகிறது. கட்டுமானத்தில் செய்த இந்த மாற்றம்தான் கப்பலின் வடிவத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது.

இன்று மாதிரி கட்டுபவருக்குத் துணை, பழைய கடற்படை வரைபடங்கள். பக்கத் தோற்றம், குறுக்குவெட்டு, மேலிருந்து அரை அகலம் என மூன்று கோணங்களில் கப்பலின் முழு வடிவமும் காகிதத்தில் அடங்கிவிடுகிறது. அத்தகைய வரைபடங்களுக்கும் கடல் ஆபத்து உண்டு. திருகோணமலைத் துறைமுகத்தின் பெயர் தாங்கிய ட்ரிங்கோமலி என்ற போர்க்கப்பலைப் பம்பாயில் கட்டுவதற்காக அனுப்பிய வரைபடங்கள், 1812இல் அவற்றை ஏற்றிவந்த ஜாவா கப்பலை அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் வீழ்த்தியபோது தொலைந்தன. மறுபடி அனுப்ப வேண்டியதாயிற்று. வாடியா குடும்பத்துக் கப்பல் கட்டுநர்கள் மலபார் தேக்கில் கட்டி 1817இல் நீரில் இறக்கிய அந்தக் கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது.

பலகை அடிப்பது பொறுமையின் வேலை. கப்பல் நடுவில் பருத்து முனைகளில் ஒடுங்குவதால் ஒரே அகலப் பலகை எங்குமே பொருந்தாது. ஒவ்வொன்றையும் முனை நோக்கிச் சீவி, தண்ணீரில் ஊறவைத்து, சூடு காட்டி வளைக்க வேண்டும். நிஜக் கப்பலில் பலகையை வங்கோடு பிணைத்தவை சுமார் ஒன்றரை அங்குலத் தடிமனுள்ள மர ஆணிகள். மாதிரியில் அவை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மூங்கிலைச் சிம்பாகப் பிளந்து, துளையிட்ட எஃகுத் தகட்டில் பெரிய துளையிலிருந்து சிறிய துளைக்கு ஒவ்வொன்றாக இழுத்து இழுத்து அந்த ஆணியை உருவாக்குகிறார்கள். இப்படி ஆயிரக்கணக்கில்! அதிலும் நிறம் முக்கியம். பலகையைவிட ஆணி சற்றே கருமையாக இருந்தால் போதும். மிகுந்துவிட்டால் கப்பலுக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிடும்.

அடுத்தது கயிறு. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி கப்பலில் ஏறத்தாழ 26 மைல் நீளக் கயிறு இருந்ததாகச் சொல்வார்கள். 48இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் கிட்டத்தட்ட 900 மீட்டர் நூல் வருகிறது. கடையில் வாங்கிய நூலைத் தேர்ந்த கைவினைஞர்கள் அப்படியே கட்டுவதில்லை. சிறு திரிபொறியில் மூன்று இழைகளை முறுக்கித் தாங்களே கயிறு திரிக்கிறார்கள். பாய்மரத்தை நிலைநிறுத்தும் கயிறுகள் தார் பூசிய கருநிறம். பாய் கட்டும் குறுக்குமரமான பருமலையும் பாயையும் ஏற்றியிறக்கும் கயிறுகள் வெளிர்நிறம். தடிமன் ஒரு படி பிசகினால்கூட, கப்பல் முழுவதும் பொம்மையாகத் தெரியும். பாய்களை விரித்துக் கட்டுவதைப் பலர் விரும்புகிறார்கள். கட்டாமல் விடுவதே மேல். துணியின் நெசவும் மரத்தின் ரேகையைப் போலவே சுருங்க மறுக்கும் பொருள். தவிர, அத்தனை நேர்த்தியாகக் கட்டிய கப்பிகளையும் முடிச்சுகளையும் அது மறைத்துவிடும்.

வரைபடமே இல்லாமல் பிறந்த மாதிரிகளும் உண்டு. நெப்போலியன் காலப் போர்களில் பிடிபட்ட பிரெஞ்சுக் கைதிகள், பீட்டர்பரோ அருகிலிருந்த நார்மன் கிராஸ் முகாமில், சாப்பாட்டில் மிஞ்சிய எலும்புகளைச் சுத்தப்படுத்திச் சீவிக் கப்பல் கட்டி விற்றார்கள். சிலவற்றில் நூலை இழுத்தால் பீரங்கிகள் எல்லாம் உள்ளே போய் வெளியே வரும். அளவுக் கணக்கில் இவை பெரும்பாலும் தவறானவை. பாய்மரம் மிக உயரம், உடல் மிக ஒல்லி. என்றாலும் கப்பலோடு வாழ்ந்தவர்களின் கை அதில் தெரிகிறது. துல்லியத்தில் தேறிய எத்தனையோ நவீன மாதிரிகளில் அந்த உயிர்ப்பு இல்லை.

ஒரு மாதிரி அரசரையே இணங்க வைத்ததாகவும் வரலாறு உண்டு. கடற்புழு துளைப்பதைத் தடுக்கக் கப்பலின் அடிப்பகுதிக்குச் செம்புத் தகடு அடிக்கலாம் என்ற யோசனைக்குச் செலவு பெரிது. கடற்படை நிர்வாகி சார்ல்ஸ் மிடில்டன், 74 பீரங்கிகள் கொண்ட பெலோனா கப்பலின் மாதிரிக்குச் செம்பு பூட்டி மூன்றாம் ஜார்ஜிடம் காட்டினார். கிரீனிச் சேகரிப்பில் உள்ள பெலோனா அந்த மாதிரிதான் என்று கருதப்படுகிறது. 1780இல் விக்டரியும் செம்பு பூண்டது.

இன்று விக்டரியையோ பெலோனாவையோ கட்ட உட்காருபவருக்கு இதனால் ஒரு சங்கடம். செம்பு அடித்தால் வங்குகள் மறையும். வங்குகளைக் காட்டினால் செம்பு இல்லை. பலர் ஒரு பக்கத்துக்கு மட்டும் பலகையும் செம்பும் அடித்து, மறுபக்கத்தைத் திறந்தே விடுகிறார்கள்.